கன்று ஈன்ற மாடு பருவத்துக்கு வரவில்லையா? ஊசிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் ஓடைப்பட்டி பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் வீட்டில் ஒன்றிரண்டு கறவை மாடும் கட்டியிருப்பார்கள். திராட்சைப் பணம் அறுவடைக்கு அறுவடைதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் வீட்டுச் செலவைத் தாங்குவது பால் பணம்தான். அந்தப் பால் பணம் தொடர்ந்து வர வேண்டுமென்றால் மாடு வருடத்துக்கு ஒரு கன்று போட வேண்டும். இங்கேதான் பலருக்கும் சிக்கல் வருகிறது.

"கன்று போட்டு மூணு மாசம் ஆச்சு, மாடு இன்னும் கத்தவே இல்லை. ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் மாடு பருவத்துக்கு வராமல் இருப்பது ஒரே ஒரு நோய் அல்ல. அதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒரு காரணத்துக்குப் பலன் தரும் ஊசி இன்னொன்றில் வீணாகும்; சில நேரம் வயிற்றில் இருக்கும் கருவையே கலைத்துவிடும். அதனால் கன்று ஈன்ற பிறகு மாட்டின் உடம்பில் என்ன நடக்கிறது, மீண்டும் சினைக்குத் தயாராக எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களில் நீங்கள் என்ன கவனிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

கணக்கு: 85 நாள்

மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருடத்துக்கு 365 நாள். மீதம் இருப்பது 85 நாள். அதாவது கன்று ஈன்ற 85 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடித்தால்தான் வருடத்துக்கு ஒரு கன்று என்ற கணக்கு சரியாக வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. ஜனவரி 10 அன்று உங்கள் மாடு கன்று ஈன்றது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 5-க்குள் சினை பிடித்தால் அடுத்த ஜனவரி 10 வாக்கில் அடுத்த கன்று. மூன்று பருவம் தவறிப் போனால் 63 நாள் தள்ளிவிடும். சினை பிடிப்பது ஜூன் 7, அடுத்த கன்று மார்ச் 14 வாக்கில். அந்த 63 நாளும் மாடு தீனி தின்னும்; பாலோ கறவையின் கடைசிக் கட்டத்தில் குறைந்துகொண்டே போகும், அல்லது வற்றியே போயிருக்கும். ஒரு நாள் தீனிச் செலவை 63-ஆல் பெருக்கிப் பாருங்கள். தவறவிட்ட மூன்று பருவத்தின் விலை அதுதான்.

கன்று ஈன்ற பிறகு கருப்பை எப்படித் தேறுகிறது?

கன்று ஈன்றதும் கருப்பை சுமார் 9 கிலோ எடையில் பெரிய பை போல இருக்கும். அது சுருங்கிச் சுருங்கி ஒரு மாதத்தில் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்ப 40 முதல் 45 நாள் ஆகும்.

இந்தச் சுருக்கத்துக்கு உதவுவது ஆக்சிடோசின், புரோஸ்டாகிளாண்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள். ஹார்மோன் என்பது உடம்பின் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து போய், வேறோர் இடத்துக்கு வேலை சொல்லும் பொருள். கன்று மடியை முட்டிப் பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் சுரக்கிறது. அதுவே பாலை இறக்குகிறது, அதுவே கருப்பையையும் சுருங்க வைக்கிறது. ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் கொடுக்கச் சொல்வது கன்றுக்கு மட்டும் நல்லதல்ல, தாய்க்கும் நல்லது.

ஈன்ற 3 முதல் 8 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழுந்துவிட வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரம், சில மாடுகளில் மூன்று வாரம் வரை, செம்பழுப்பு நிறத்தில் கழிவு வரும். வர வர அது குறைந்து, தெளிந்து, நின்றுவிடும். நாற்றம் இல்லாமல், மாடு நன்றாகத் தின்றுகொண்டு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது கருப்பை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி.

சினைப்பை எப்படி விழிக்கிறது?

முட்டை உருவாகும் இடம் சினைப்பை. அதற்குக் கட்டளை தலையிலிருந்து வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் சுரந்து, அருகில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். எஃப்.எஸ்.எச். என்பது முட்டைக் கொப்புளத்தை வளர்க்கும். எல்.எச். என்பது வளர்ந்த கொப்புளத்தை வெடிக்க வைத்து முட்டையை வெளியே விடும்.

வளரும் கொப்புளத்திலிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். மாடு கத்துவது, அலைவது, கண்ணாடி போல வழும்பு விடுவது எல்லாம் ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலை. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உருவாகும். அதிலிருந்து புரோஜெஸ்ட்டிரோன் சுரக்கும். இது கருவைக் காக்கும் ஹார்மோன். மாடு சினை பிடித்திருந்தால் மஞ்சள் கட்டி நிலைத்து நிற்கும். சினை பிடிக்கவில்லை என்றால் 16, 17-ஆம் நாள் வாக்கில் கருப்பையிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் வந்து மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். உடனே அடுத்த கொப்புளம் வளர்ந்து, மாடு மறுபடி பருவத்துக்கு வரும். இந்தச் சுற்று சராசரியாக 21 நாள். 18 முதல் 24 நாள் வரை இருக்கலாம்.

சினைக்காலம் முழுவதும் புரோஜெஸ்ட்டிரோன் அதிகமாக இருப்பதால் மூளையும் பிட்யூட்டரியும் அடங்கிக் கிடக்கும். கன்று ஈன்றதும் அந்தத் தடை நீங்கும். எஃப்.எஸ்.எச். சில நாளிலேயே சுரக்கத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொப்புளங்கள் தலைகாட்டும். ஆனால் பிட்யூட்டரியில் எல்.எச். இருப்பு காலியாகியிருக்கும். அது மறுபடி நிரம்ப இரண்டு முதல் நான்கு வாரம் தேவை.

இந்தக் கட்டத்தில் வளரும் முதல் பெரிய கொப்புளத்துக்கு மூன்று வழிகள் உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள மாட்டில் அது வெடித்து முட்டை வெளியேறும். மெலிந்த மாட்டில் எல்.எச். போதாமல் சுருங்கி மறைந்துவிடும். மறுபடி ஒன்று வளரும், அதுவும் மறையும். சில மாடுகளில் வெடிக்காமலும் மறையாமலும் நீர்க்கட்டியாக நின்றுவிடும்.

நன்றாகப் பராமரித்த மாட்டில் முதல் முட்டை 15 முதல் 30 நாளுக்குள் வெளியேறிவிடும். ஆனால் உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்கு முன் சில நாள் புரோஜெஸ்ட்டிரோன் இருந்தால்தான் மூளை ஈஸ்ட்ரோஜனுக்குச் சரியாகப் பதில் சொல்லும். முதல் சுற்றில் அது இருக்காது. அதனால் முதல் பருவம் பெரும்பாலும் ஊமைப் பருவமாகவே போகும். அதன் பின் வரும் முதல் சுற்று சில மாடுகளில் பத்து நாள் அளவுக்குக் குறுகலாகவும் இருக்கும். இது கோளாறு அல்ல.

தீவனம்தான் முதல் ஹார்மோன் வைத்தியம்

கன்று ஈன்ற 6 முதல் 8 வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும். ஆனால் மாட்டின் தீனி எடுக்கும் அளவு உச்சத்துக்குப் போவது 10 முதல் 12 வாரத்தில்தான். இடையில் உள்ள வாரங்களில் பாலில் போகும் சத்து அதிகம், வாய் வழியே வரும் சத்து குறைவு. பற்றாக்குறையை மாடு தன் உடம்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். அதனால்தான் நன்றாகக் கறக்கும் மாடு ஈன்றதும் மெலிகிறது.

ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் குறையும்போது, 'இப்போது அடுத்த கன்றுக்கு நேரமில்லை' என்று மூளை முடிவு செய்துவிடும். எல்.எச். சுரப்பு மந்தமாகும். கொப்புளம் வளரும், ஆனால் வெடிக்காது. இந்த மாட்டுக்கு எத்தனை ஊசி போட்டாலும் பலன் குறைவுதான். தொட்டியில் தீவனம் ஏறினால்தான் சினைப்பை வேலை செய்யும்.

ஈனும் நாளில் மாடு எப்படி இருக்க வேண்டும்? விலா எலும்பு பளிச்சென்று எண்ணும்படி தெரியக் கூடாது. அழுத்தித் தொட்டால் தட்டுப்பட வேண்டும். இடுப்பு எலும்பு முனை கூராக இல்லாமல் உருண்டு தெரிய வேண்டும். வால் அடியில் இரு பக்கமும் ஆழமான பள்ளம் இருக்கக் கூடாது. அதே நேரம் கொழுத்தும் இருக்கக் கூடாது. கொழுத்த மாடு ஈன்றதும் தீனி எடுக்காமல் வேகமாக இளைத்து, கீட்டோசிஸ் போன்ற நோய்க்கு ஆளாகும்.

செய்ய வேண்டியவை:

• ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்துங்கள். கடைசி இரண்டு மாதம் வழக்கமான தீவனத்தோடு ஒன்று முதல் ஒன்றரை கிலோ அடர்தீவனம் கூடுதலாகக் கொடுங்கள்.

• ஈன்ற பிறகு அடர்தீவனத்தை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். திடீரென்று ஏற்றினால் வயிற்றில் புளிப்பு கூடி மாடு தீனியை விட்டுவிடும்.

• உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை முதல் 3 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது பொதுவான அளவு. 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்குச் சுமார் 5 கிலோ வரும்.

• பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, உலர்தீவனம் 4 முதல் 6 கிலோ. கம்பு நேப்பியர் மட்டும் போதாது. வேலிமசால், அகத்தி, சூபாபுல் போன்ற பயறு வகை, மரவகைத் தீவனத்தில் ஏதாவது ஒன்றும் கலந்து கொடுங்கள்.

• தாது உப்புக் கலவை தினமும் 40 முதல் 50 கிராம். வைக்கோலையும் சோளத்தட்டையையும் நம்பி வளரும் மாட்டுக்குப் பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் போன்றவை குறைந்துவிடும். பருவம் தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம். சாப்பாட்டு உப்பு மட்டும் போடுவது தாது உப்புக்கு ஈடாகாது.

• தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும்.

நம் பகுதிக்கு ஒரு தனி எச்சரிக்கை: திராட்சைப் பந்தலுக்கு அடிக்கடி பூச்சி மருந்தும் பூஞ்சண மருந்தும் அடிக்கிறோம். மருந்து அடித்த பந்தலுக்குக் கீழே முளைத்த புல்லை அறுத்து மாட்டுக்குப் போடாதீர்கள். வரப்பில் தனியாகத் தீவனம் வளர்த்துக்கொள்வது நல்லது.

பிரசவ நாளில் செய்யும் தவறு மூன்று மாதம் கழித்துத் தெரியும்

சினை பிடிக்காத மாடுகளில் பலவற்றின் கதை ஈன்ற அன்றே தொடங்குகிறது. நஞ்சுக்கொடி விழவில்லை என்று அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, கையை விட்டுப் பிய்த்து இழுப்பது ஆகியவை கருப்பைச் சுவரைக் கிழித்துப் புண்ணாக்கும். கிருமி உள்ளே போகும். 12 மணி நேரத்துக்கு மேல் நஞ்சுக்கொடி விழாமல் இருந்தால் இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள மாட்டில் கருப்பை சுருங்கும் வேகமும் குறைவு. ஈன்றதும் மாடு தள்ளாடினாலோ, காது சில்லிட்டாலோ, எழ முடியாமல் படுத்தாலோ அது பால் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மருத்துவம் தேவை.

ஈன்ற இடம் காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். முந்தைய நாள் சாணத்தில் ஈன்ற மாட்டுக்குக் கருப்பைப் புண் வர வாய்ப்பு அதிகம்.

முதல் மூன்று வாரத்தில் நாற்றத்துடன் நீர்த்த செம்பழுப்புக் கழிவு, 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தீனி குறைவு, பால் குறைவு ஆகியவை தெரிந்தால் கருப்பை அழற்சி. மூன்று வாரத்துக்குப் பிறகும் வழும்பில் சீழ் கலந்து வந்தால், உள்ளே புண் ஆறவில்லை என்று பொருள். இந்த மாட்டுக்குக் கருவூட்டல் செய்தால் நிற்காது. முதலில் புண் ஆற வேண்டும்.

கன்று வீச்சு ஆன மாட்டின் நஞ்சுக்கொடியையும் கழிவையும் வெறும் கையால் தொடாதீர்கள். புரூசெல்லோசிஸ் என்னும் கன்றுவீச்சு நோய் மனிதர்களுக்கும் தொற்றும். கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள்.

கன்றும் வெயிலும்

கன்று எந்நேரமும் தாயோடு இருந்து ஊட்டினால் எல்.எச். சுரப்பு அடங்கி, பருவம் தள்ளிப்போகும். மலைக்கு மேய்ச்சலுக்குப் போகும் மலைமாடுகளில் கன்று தாயோடே திரிவதால் பருவம் தாமதமாக வருவது இயல்பு. தொழுவத்தில் கட்டி வளர்க்கும் கலப்பின மாட்டில் காலை, மாலை கறவை நேரத்தில் மட்டும் கன்றை விட்டு, மற்ற நேரம் பிரித்துக் கட்டுவது நல்லது.

தை மாதம் ஈன்ற மாடு பங்குனி, சித்திரையில்தான் கருவூட்டலுக்கு வரும். கம்பம் பள்ளத்தாக்கில் அது கடும் வெயில் நேரம். வெயிலில் மாடு தீனியைக் குறைத்துவிடும். பருவ அறிகுறிகள் மங்கி, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவூட்டல் செய்தாலும் இளம் கரு தங்காமல் போகலாம். எனவே வேப்பமரம், புங்கமர நிழலில் கட்டுங்கள். தகரக் கூரையாக இருந்தால் மேலே தென்னை ஓலை பரப்புங்கள். பெரும்பகுதித் தீனியை விடியற்காலையிலும் இரவிலும் போடுங்கள். கலப்பின மாட்டுக்கு நண்பகலில் உடம்பில் தண்ணீர் தெளித்துக் காற்றோட்டமாக விடுங்கள்.

பருவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

'பருவத்துக்கு வரவில்லை' என்று சொல்லப்படும் மாடுகளில் பல உண்மையில் வந்து போயிருக்கும். நாம் பார்த்திருக்க மாட்டோம். பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம்தான். மாடு தாண்டுவதும் கத்துவதும் இரவிலும் விடியற்காலையிலும் அதிகம். பந்தல் வேலைக்குக் காலையில் கிளம்பிப் போய் மாலையில் திரும்புகிறவர் கண்ணில் அது படாது.

பல மாடு உள்ள பண்ணையில் ஒரு மாடு இன்னொன்றின் மேல் தாண்டும்போது அசையாமல் நிற்கும் மாடு உறுதியாகப் பருவத்தில் இருக்கிறது. ஒரே மாடு கட்டியிருக்கும் வீட்டில் அந்த அறிகுறி கிடைக்காது. அங்கே பார்க்க வேண்டியவை:

• பிறப்புறுப்பிலிருந்து முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, அறுபடாமல் தொங்கும் வழும்பு. மாடு படுத்து எழுந்த இடத்திலும் வாலிலும் பாருங்கள்.

• பிறப்புறுப்பு லேசாக வீங்கி, உள்பக்கம் சிவந்திருத்தல்.

• அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுதல், வாலைத் தூக்கி வைத்தல்.

• தீனியில் நாட்டமின்மை, ஓயாமல் கத்துதல், கயிற்றை இழுத்தல்.

• அன்று மட்டும் பால் குறைதல்.

விடியற்காலை, மாலை, இரவு படுக்கும் முன் என மூன்று வேளை, இருபது நிமிடமாவது மாட்டின் பின்பக்கம் நின்று பாருங்கள். வழும்பில் ரத்தம் கலந்து வந்தால் பருவம் இரண்டு நாளுக்கு முன் முடிந்துவிட்டது என்று பொருள். அன்று கருவூட்டல் செய்து பயனில்லை. அந்தத் தேதியைக் குறித்து வைத்து, 17, 18 நாள் கழித்துக் கவனமாக இருங்கள். அடுத்த பருவம் அப்போது வரும்.

காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை கருவூட்டல். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. முட்டை பருவம் முடிந்த 10 முதல் 14 மணி நேரத்தில்தான் வெளியேறும். அதற்குச் சற்று முன் விந்து உள்ளே தயாராக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கு.

45 நாளுக்கு முன் வரும் பருவத்தில் அவசரப்பட்டு ஊசி போட வேண்டாம். கருப்பை முழுதும் தேறியிருக்காது. ஆனால் தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். முன்னே சொன்ன ஜனவரி 10 மாடு பிப்ரவரி 24 அன்று கத்தினால் அது 45-ஆம் நாள். எழுதி வையுங்கள். அடுத்தது மார்ச் 17 வாக்கில், 66-ஆம் நாள். அன்று கருவூட்டல் செய்யலாம். தவறினாலும் ஏப்ரல் 7 வாக்கில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. எழுதி வைத்தவருக்கு எந்த வாரம் மாட்டைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

60 நாள் தாண்டியும் பருவம் இல்லையா? ஐந்து காரணங்கள்

60 நாள் வரை ஒரு பருவமும் தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டிச் சினைப்பையைச் சோதிக்க வேண்டும். அவர் கை வைத்துப் பார்த்தோ, ஸ்கேன் செய்தோ கீழ்க்கண்டவற்றில் எது என்று சொல்வார்.

1. ஊமைப் பருவம் அல்லது கவனியாத பருவம்: சினைப்பை நன்றாக வேலை செய்கிறது, மஞ்சள் கட்டி இருக்கிறது. மஞ்சள் கட்டியைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் இரண்டு முதல் ஐந்து நாளில் பருவம் வரும். மஞ்சள் கட்டி இல்லாத மாட்டில் இந்த ஊசி வேலை செய்யாது.

2. சினைப்பை உறங்குவது: சினைப்பை சிறுத்து வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் மெலிந்த, தாது உப்புக் காணாத மாடு. இதற்குத் தீவனமும் தாது உப்பும் குடற்புழு நீக்கமும்தான் அடிப்படை. உடல் தேறிய பிறகு, தேவைப்பட்டால் மருத்துவர் புரோஜெஸ்ட்டிரோன் சாதனத்தைப் பிறப்புறுப்பினுள் சில நாள் வைத்து எடுப்பார்.

3. கருப்பையில் சீழ்: சீழ் இருப்பதால் கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்காது, மஞ்சள் கட்டி கரையாமல் நிற்கும். சினை பிடித்தது போலவே மாடு அமைதியாக இருக்கும். கட்டியைக் கரைத்துச் சீழை வெளியேற்ற வேண்டும்.

4. நீர்க்கட்டி: சில மாடு பருவமே காட்டாது; சில மாடு ஒழுங்கில்லாமல் அடிக்கடி கத்தும். ஜி.என்.ஆர்.எச். போன்ற ஊசிகள் தேவைப்படும்.

5. மாடு ஏற்கெனவே சினை: பக்கத்துக் காளை தாண்டியதோ, முன்பு போட்ட ஊசி நின்றதோ தெரியாமல் இருக்கலாம். இந்த மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட்டால் கரு கலைந்துவிடும். 'ஊசி போடுங்கள்' என்று கேட்பதற்கு முன் சினை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

காரணம் தெரிந்து, மாடு தேறியும் இருந்தால், பருவத்தை எதிர்பாராமல் நாள் குறித்துக் கருவூட்டல் செய்யும் முறையும் உண்டு. முதல் நாள் ஜி.என்.ஆர்.எச்., ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின், அதிலிருந்து இரண்டு நாளில் மறுபடி ஜி.என்.ஆர்.எச்., பிறகு 16 மணி நேரம் அளவில் கருவூட்டல். இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஒரு ஊசி நாள் தவறினாலும் செலவு வீண்.

புரோஸ்டாகிளாண்டின் மருந்தைக் கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையாளக் கூடாது. தோல் வழியாகவும் அது உள்ளே போகும். காலி மருந்துக் குப்பியைத் தொழுவத்தில் போட்டு வைக்காதீர்கள்.

பால் இறக்க ஆக்சிடோசின் வேண்டாம்

கன்று இறந்த மாடு பால் இறக்காவிட்டால் சிலர் தினமும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். நாள்தோறும் போட்டால் ஊசி இல்லாமல் பால் இறங்காத நிலைக்கு மாடு பழகிவிடும். கருப்பையும் தேவையில்லாமல் சுருங்கும். பாலைக் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றம். மாட்டைத் தடவிக் கொடுத்து, மடியை வெந்நீரில் கழுவி, கறவை நேரத்தில் தீவனம் வைத்து, ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறந்துவந்தால் பெரும்பாலான மாடுகள் சில நாளில் பழகிவிடும்.

தொழுவச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது

• 0 நாள்: ஈன்ற தேதி. நஞ்சுக்கொடி விழுந்த நேரம். 12 மணி தாண்டினால் மருத்துவர்.
• 1 – 21 நாள்: கழிவின் நாற்றம், காய்ச்சல், தீனி அளவு கவனிக்கவும். அடர்தீவனம் படிப்படியாகக் கூட்டவும்.
• 21 – 45 நாள்: சீழ் வருகிறதா பார்க்கவும். பருவம் தெரிந்தால் தேதி மட்டும் எழுதவும்.
• 45 – 60 நாள்: மூன்று வேளை பருவம் பார்க்கவும். மாடு இளைக்கிறதா, தேறுகிறதா என்று கவனிக்கவும்.
• 60 – 85 நாள்: பருவம் தெரிந்ததும் கருவூட்டல். பருவம் தெரியாவிட்டால் சினைப்பைச் சோதனை.
• கருவூட்டல் செய்து 18 – 24 நாள்: மறுபடி பருவம் வருகிறதா பார்க்கவும்.
• கருவூட்டல் செய்து 60 நாள்: பருவம் திரும்பாவிட்டாலும் சினைச் சோதனை கட்டாயம்.

மருத்துவரிடம் போகும்போது இந்தத் தாளையும் கொண்டு போங்கள். ஈன்ற தேதி, நஞ்சுக்கொடி விழுந்த விதம், கடைசியாகப் பருவம் தெரிந்த நாள், முன்பு போட்ட ஊசிகள் ஆகிய நான்கும் தெரிந்தால் ஐந்து காரணங்களில் எது என்று அவர் விரைவாகக் கண்டுபிடிப்பார்.

உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகம், காமாட்சிபுரத்தில் உள்ள சென்டெக்ட் வேளாண் அறிவியல் மையம், 2020-இல் தொடங்கப்பட்ட தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் ஆலோசனை பெறலாம். ஈன முடியாமல் மாடு தவிக்கும்போதோ, ஈன்ற மாடு எழாமல் படுத்துவிட்டாலோ கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழையுங்கள்.